நகராட்சி அலுவலகமும் தீயணைப்பு நிலையமும்: புதுப்பிக்கும் வேலையை எங்கே தொடங்குவது

1865-ல் வந்த நகர மேம்பாட்டுச் சட்டத்தை அடுத்து 1866-ல் சேலம், கோவை, மதுரை, கும்பகோணம் போன்ற ஊர்களில் நகராட்சிகள் அமைந்தன. அந்த வழியில் வந்த பல ஊர்களின் நகராட்சி வளாகத்தை இன்றைக்குப் பார்த்தால் ஒரே மதிலுக்குள் மூன்று விதக் கட்டடங்கள் இருக்கும். முன்னால் சுண்ணாம்பும் செங்கல்லுமாய் எழுந்த, மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய) கூரை போட்ட பழைய கட்டடம். அதன் முதுகில் ஒட்டினாற்போல் 1970, 80-களின் ஆர்.சி.சி. (கம்பி வைத்த கான்கிரீட்) கட்டடம். மூலையில், அல்லது அடுத்த மனையில், இரண்டு வண்டி நிற்கிற தீயணைப்பு நிலையம்.

இந்த மூன்றையும் சேர்த்துப் புதுப்பிக்க எஸ்டிமேட் போட்டால் முதல் பக்கத்திலேயே வந்துவிடுவது விட்ரிஃபைடு டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், முகப்புக்கு அலுமினியத் தகடு. மழைநீர்க் குழாய் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும். பணம் போன இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனாலும் இந்தக் கட்டடங்களைத் தின்பது தண்ணீர்தான். தண்ணீர் நுழையும் வழியை அடைத்து, கட்டடத்தின் எலும்பைச் சரிசெய்து, மின்சாரத்தை மாற்றி, அதன் பிறகு தரைக்கும் சுவருக்கும் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் மூன்றாவது மழைக்காலத்தில் அதே வேலையை மறுபடி செய்ய நேரும்.

எஸ்டிமேட்டுக்கு முன்னால்

கட்டடத்தை அடைமழையில் போய்ப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாள் குடையோடு மாடியில் நின்றால் தெரிவது வெயில் காலத்து ஆய்வில் தெரியாது: எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, கைப்பிடிச் சுவரில் எங்கே அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது, தரைமட்டத்தில் சாலைத் தண்ணீர் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது. ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அரசங்கன்றைப் பிடுங்க வேண்டாம், வேரோடு செங்கல்லும் வந்துவிடும். தண்டை வெட்டி, வேர்க்கட்டையில் துளையிட்டு மருந்து ஊற்றி, வேர் செத்த பிறகு வெடிப்பைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்புவதே முறை.

ஆர்.சி.சி. பகுதிக்குச் சோதனைகள் தேவை. அவை டெண்டருக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்து, புதிதாகத் தெரியும் பரப்பில் ஃபீனால்ஃப்தலீன் தெளித்தால் காரத்தன்மை உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டியிருந்தால் அந்தக் கம்பிக்கு இனிப் பாதுகாப்பு இல்லை. கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துருவைக் கண்டறியும் ஹாஃப் செல் சோதனையில், காப்பர் சல்ஃபேட் மின்முனையை வைத்து அளக்கும்போது, மைனஸ் 350 மில்லி வோல்ட்டுக்கும் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்குள் மீயொலி செல்லும் அல்ட்ராசோனிக் வேகம் வினாடிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறைவாக வரும் இடங்களில் கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துப் பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது, மூன்று கோர்களின் சராசரி குறித்த வலிமையில் 85 விழுக்காடாவது இருக்க வேண்டும், தனியாக எதுவும் 75-க்குக் கீழே போகக் கூடாது. பரப்பில் அடித்து எகிறுவதை வைத்து வலிமையை ஊகிக்கும் ரீபவுண்ட் ஹாமரை மட்டும் நம்ப வேண்டாம். கார்பனேஷன் (காற்றிலுள்ள கரியமில வாயுவால் காரத்தன்மை போவது) ஏறிய பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும், சுத்தியல் நல்ல எண்ணைக் காட்டும், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் கிடக்கும்.

பழைய கட்டடத்தில் பிரித்துப் பார்த்தால்தான் தெரிகிற வேலை எப்போதும் இருக்கும். மதிப்பீட்டில் 10 முதல் 15 விழுக்காட்டை அதற்கென ஒதுக்கி, எந்தெந்த வேலை இனத்தில் அளவு கூடலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அப்படி எழுதாத இடத்தில் உளுத்துப்போன உத்திரத்தைப் பார்த்த பிறகும் ஒப்பந்ததாரர் அதன் மேலேயே ஜல்லி கொட்டி மூடிவிடுவார். கூடுதல் இனத்துக்கு அனுமதி வாங்கி வருவதற்குள் மழை வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

இன்னொன்றும் ஆரம்பத்திலேயே முடிக்க வேண்டியது. நகராட்சி ஒரு துறையின் கீழ், தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை உள்துறையின் கீழ். மதில் ஒன்றாக இருந்தாலும் பணம் வரும் வழி வேறு. சம்ப், வடிகால், மின் இணைப்பு, நுழைவாயில் பொதுவாக இருந்தால் எதை யார் செலவில் செய்வது, பிறகு யார் பராமரிப்பது என்று இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை டெண்டர் விட வேண்டாம். பாதியில் நின்றுபோன வடிகால்களைத் தேடிப் பார்த்தால் இரண்டு துறைகளின் எல்லைக்கோட்டில்தான் நின்றிருக்கும்.

மெட்ராஸ் டெரஸ் கூரை

தேக்குக் கட்டைகளைச் சுமார் 45 செ.மீ. இடைவெளியில் போட்டு, அவற்றின் மேல் 15 × 7.5 × 2.5 செ.மீ. அளவுள்ள மெல்லிய தளச் செங்கல்லைச் சாய்வாட்டில் நெட்டுக்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, அதன் மேல் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்தது இந்தக் கூரை. நூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் பிற்காலத்து ரிப்பேர்தான். ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் மேலே இன்னொரு தளம் போடுவது வழக்கமாகிவிட்டது. 10 மீட்டருக்கு 6 மீட்டர் உள்ள கூட்ட அரங்கின் மேல் 7.5 செ.மீ. கனத்தில் ஒரு ஜல்லித் தளம் கூடுதலாகப் போட்டால் அது 4.5 கன மீட்டர், எடை எட்டரை டன்னுக்குப் பக்கம். இரண்டு முறை போட்டிருந்தால் 17 டன். கட்டை தொய்கிறது, தொய்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, நின்ற தண்ணீர் கட்டையை உளுக்க வைக்கிறது.

ஆகவே முதல் வேலை பிரிப்பது. பிரிப்பதற்கு முன் கீழே எல்லாக் கட்டைகளுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வேண்டவே வேண்டாம். அதன் அதிர்வில் தளச் செங்கல்லுக்கு இடையேயுள்ள சுண்ணாம்பு உதிர்ந்து கல் ஒவ்வொன்றாகத் தொங்கும். உளியும் சுத்தியலும் போதும். எடுத்த இடிபாட்டை மாடியிலேயே குவிக்காமல் அன்றன்றைக்கே கீழே இறக்குங்கள். ஒரு கன மீட்டர் குவியல் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தும், அதுவும் ஒரே இடத்தில். ஒரு நாளில் மறுபடி மூட முடிகிற பரப்பை மட்டும் திறக்க வேண்டும். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது.

அடுத்தது கட்டையின் நுனிகள். கட்டையின் நடுப்பாகம் இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் போகும் கடைசி 15 செ.மீ. மாவாகக் கிடக்கும். சுற்றிலும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கூரான தமரூசியால் (துளையூசியால்) குத்திப் பாருங்கள். 10 மி.மீ.க்கு மேல் தடையில்லாமல் இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. உளுத்த பாகத்தை வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து, நல்ல மரத்தில் குறைந்தது 60 செ.மீ. தூரம் போல்ட் போட்டு இறுக்கி, சேனலின் நுனியைச் சுவரில் கல் பதித்து அதன் மேல் உட்கார வைக்கலாம். சேனல் அளவையும் போல்ட் எண்ணிக்கையையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். நுனியைச் சுற்றிச் சிமெண்ட் வைத்து அடைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மரம் மூச்சுவிட இரண்டு விரல் இடைவெளி வேண்டும். 4 மீட்டர் நீளக் கட்டை 20 மி.மீ.க்கு மேல் தொய்ந்திருந்தால் நடுவில் இரும்பு உத்திரம் ஒன்று கொடுத்து நீளத்தைப் பாதியாக்குவது நல்லது.

மேலே போடும் தளத்துக்குப் பொதுப்பணித் துறையின் பழைய விகிதமே சரி: 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கிடையாது. ஜல்லி நன்றாக வெந்த செங்கல்லாக இருக்க வேண்டும். கலப்பதற்கு முன் ஊற வைக்காவிட்டால் சுண்ணாம்பிலுள்ள ஈரத்தை அதுவே உறிஞ்சிவிடும். கிளிஞ்சலோ கல் சுண்ணாம்போ, வேலையிடத்திலேயே நீற்றிச் சலித்து வையுங்கள். மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த தூள் காற்றோடு சேர்ந்து செத்திருக்கும், அது ஜல்லியைப் பிடிக்காது. சுமார் 10 செ.மீ. பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் இடித்து 7.5 செ.மீ.க்குக் கொண்டு வர வேண்டும். கட்டை எகிறித் திரும்ப வேண்டும், தளத்தில் அடித்த தடம் விழக் கூடாது. அதுவரை இடிப்பை நிறுத்த வேண்டாம். பிறகு பத்து நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். இடிக்கும் ஆட்கள் கிடைப்பதில்லை என்று சிமெண்ட் கலந்து ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு. சிமெண்ட் தளம் சுருங்கும், மரத்தோடு சேர்ந்து அசையாது, முதல் கோடையிலேயே தலைமுடி வெடிப்பு விடும்.

தட்டோட்டை 1:3 சிமெண்ட் கலவையில், சிமெண்ட் எடையில் 2 விழுக்காடு நீர்க்காப்புக் கலவை சேர்த்துப் பதித்து, இணைப்பையும் அதனாலேயே நிரப்பலாம். சரிவு 100-க்கு 1-க்குக் குறையக் கூடாது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைத்துப் பூசி, சுவரில் 15 செ.மீ. உயரம் ஏற்றுங்கள். ஒழுகல் பாதி அந்த மூலையில்தான் பிறக்கிறது. மழைநீர்க் குழாய்க்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு 100 மி.மீ. மழைக்கு 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் சுமார் 40 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும். 240 சதுர மீட்டர் மாடிக்கு ஆறு குழாய் தேவை. இருப்பது வழக்கமாக இரண்டு, அதில் ஒன்று அடைத்திருக்கும்.

தண்ணீர் தேக்கிச் சோதிப்பது ஆர்.சி.சி. தளத்துக்கு மட்டும்: 5 செ.மீ. நிறுத்தி 48 மணி நேரம் விட்டுக் கீழே பார்க்கலாம். மெட்ராஸ் டெரஸில் அப்படிச் செய்தால் சதுர மீட்டருக்கு 50 கிலோ சேரும். அங்கே குழாயால் தொடர்ந்து பீய்ச்சிப் பார்ப்பதே போதும்.

சுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. ஓதம் ஏறுகிற சுவரில் சிமெண்ட் பூசி மேலே பளபளப்பான எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் இரண்டடி மேலே போய் உப்புப் பூக்கும். சுவர் ஓரத்து மண்ணைப் பேஸ்மட்டத்துக்குக் கீழே இறக்கி, தண்ணீர் விலகி ஓடச் சரிவு கொடுத்தாலே பாதி ஓதம் தானாக இறங்கும்.

ஆர்.சி.சி. கட்டடத்தில் பெயர்ந்து விழும் காரை

சன்ஷேடும் கழிப்பறை மேல்தளமும்தான் முதலில் விழும். அந்தக் காலத்தில் கம்பிக்குக் கீழே 12, 15 மி.மீ. கான்கிரீட் மூடல்தான் இருந்தது. ஈரமும் காற்றும் சேர்ந்து கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைத் தள்ளிவிடுகிறது. அங்கே சிமெண்ட் அப்பி வெள்ளையடித்தால் அடுத்த வருடம் அது துண்டாக விழும், கீழே பிறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பவர் தலைமேல்.

சரியான முறை இது. முட்டுக் கொடுத்த பிறகு கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை, விரல் நுழையும் அளவுக்கு, 20 முதல் 25 மி.மீ. வரை எடுக்க வேண்டும். கம்பியின் முன்பாதியை மட்டும் திறந்துவிட்டுப் பூசினால் பின்பாதியின் துரு தொடரும். ஓரங்களைக் கட்டர் வைத்து 10 மி.மீ. ஆழம் நேராக வெட்டுங்கள். விளிம்பு இறகு மாதிரி மெலிந்திருந்தால் ஒட்டு அங்கிருந்துதான் பெயரும். துருவைப் பளபளவென்று தெரியும்வரை சுரண்டி, கம்பி கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் பூச வேண்டும். பிறகு ஒட்டுப்பசை, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் கலந்த கலவை. பசை காய்ந்துவிட்டால் அது ஒட்டவைக்காது, நேர்மாறாகப் பிரிக்கும் படலமாகிவிடும். சித்திரை வெயிலில் காய்ந்துபோக அதிக நேரம் ஆகாது, எனவே ஒரு ஆள் பசை பூசினால் பின்னாலேயே இன்னொரு ஆள் கலவை வைத்தபடி வர வேண்டும். ஒரு அடுக்கு 10, 15 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 50 மி.மீ.க்கு மேல் ஆழமான இடத்துக்குப் பலகை அடித்து மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லியில் தானாக ஓடி நிரம்பும் கலவை) ஊற்றுவது மேல்.

ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றி ஓரடி தள்ளிப் புதிதாகக் காரை விழுவதும் நடக்கும். முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நாம் நிறுத்தியதும் துரு அடுத்த இடத்தில் தொடங்குகிறது. உப்பு ஏறிய கடலோர ஊர்களில் இது அதிகம். அதனால் ஹாஃப் செல் வரைபடத்தில் சந்தேகப் பகுதி முழுவதையும் சேர்த்து எடுப்பது நல்லது, விழுந்த இடத்தை மட்டும் அல்ல.

மின்சாரமும் பதிவறையும்

விசிறியும் குழல்விளக்கும் மட்டும் இருந்த காலத்து வயரிங்கில்தான் இப்போது ஏ.சி.யும் கணினியும் ஓடுகின்றன. ஒன்றரை டன் ஏ.சி. 12 என்றால் ஒன்றுக்கு 1.8 கிலோவாட் வீதம் 21.6. கணினி 40-க்கு 6. விளக்கு விசிறிக்கு 5. ஆக 33 கிலோவாட்டுக்குப் பக்கம். அனுமதிக்கப்பட்ட சுமையும் நுழையும் கேபிளும் அதற்கேற்ப இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் 4 சதுர மி.மீ. செம்பு வயரும் தனி எம்.சி.பி.யும் (சுமை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), பிளக் சுற்றுகளுக்கு மின்கசிவில் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கொடுங்கள். பழைய அலுமினிய வயரோடு புதுச் செம்பை முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு எங்கும் மிஞ்சக் கூடாது. அது சூடாகி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே யாருக்கும் தெரியாமல் புகையும். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று சொல்வதற்கு மெட்ராஸ் டெரஸ் கட்டடத்தில் இன்னொரு காரணமும் உண்டு: கட்டை தொய்வதையும் கரையான் ஏறுவதையும் அது மறைத்துவிடும்.

பிறப்பு இறப்புப் பதிவேடுகள், சொத்து வரிப் பதிவேடுகள், பழைய மன்றத் தீர்மானங்கள் எரிந்தாலோ நனைந்தாலோ திரும்பக் கிடைக்காது. பதிவறைக்குக் கட்டடச் சுமைகளுக்கான தரநிலை ஐ.எஸ். 875 சதுர மீட்டருக்கு 500 கிலோ அளவில் சுமை எடுக்கச் சொல்கிறது. மரக்கட்டைக் கூரையின் மேல் மாடியில் அதை வைப்பது ஆபத்து. தரைத்தளத்தில், தெரிந்த வெள்ளமட்டத்துக்கு மேல் பேஸ்மட்டம் உள்ள அறையைத் தேர்ந்தெடுத்து, கடைசித் தட்டு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி இரும்பு ரேக் போடலாம். ரேக்கைச் சுவரோடு ஒட்டாமல் தள்ளி வையுங்கள். யு.பி.எஸ். பேட்டரியை அங்கே வைக்கவே கூடாது. கரையானுக்குச் சுவரும் தரையும் சேரும் கோட்டில் 30 செ.மீ.க்கு ஒரு துளை, 12 மி.மீ. விட்டம், துளைக்கு ஒரு லிட்டர் மருந்துக் கரைசல்.

அலுவலகத்தை இடம் மாற்றும் நாளுக்கும் கணக்கு உண்டு. சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கிடைப்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரி கவுண்டரில் கூட்டம் நெரியும். அந்த இரண்டு மாதமும் கவுண்டரைத் தொடாதீர்கள். அக்டோபரோடு வடகிழக்குப் பருவமழையும் சேருகிறது. ஜனவரியில் கூரையைத் தொடங்கி, மே இறுதிக்குள் மூடி, ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்வேலை என்று போட்டால் இரண்டுக்கும் பொருந்தும்.

சாய்தளத்துக்கு 12-க்கு 1 சரிவு. பேஸ்மட்டம் 60 செ.மீ. உயரம் என்றால் 7.2 மீட்டர் நீளம் வேண்டும், அகலம் 1.2 மீட்டராவது. படியின் ஓரத்தில் இரண்டு மீட்டரில் செங்குத்தாகச் சாய்த்துவிட்டுச் சாய்தளம் என்று எழுதி வைப்பது சக்கர நாற்காலியில் வருபவரைக் கீழே தள்ளும் ஏற்பாடு. கவுண்டரில் ஒரு பகுதியை 75 முதல் 80 செ.மீ. உயரத்துக்கு இறக்கி, அடியில் முழங்கால் நுழைய இடம் விடுங்கள்.

தீயணைப்பு நிலையம்

இங்கேதான் சிக்கல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. சாலையை மேலே மேலே போட்டுப் போட்டு, வண்டி நிற்கும் கொட்டடியின் தரை சாலையைவிடத் தாழ்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று தரையை 30 செ.மீ. உயர்த்தினால் வாசல் உயரம் அதே அளவு குறையும். பழைய வாசல் 3.6 மீட்டர் என்றால் 3.3 ஆகிவிடும். ஏணியும் விளக்கும் ஏற்றிய இன்றைய வாட்டர் டெண்டர் (தண்ணீர்த் தொட்டியுள்ள தீயணைப்பு வண்டி) அதில் தட்டும். சரி, லிண்டலை உயர்த்தலாம் என்றால் அதன் மேல் வீரர்கள் தங்கும் அறை இருக்கிறது. கீழே சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும், மேலே சுவரெழுப்பிய அறைகள்: நிலநடுக்கத்தில் முதலில் மடங்குவது இந்த அமைப்புதான். நிலநடுக்கத் தரநிலை ஐ.எஸ். 1893 தீயணைப்பு நிலையத்துக்கு முக்கியத்துவக் காரணி (வடிவமைப்பு விசையைப் பெருக்கும் எண்) 1.5 என்று வைத்திருப்பதே, ஊர் இடிந்தாலும் இது நிற்க வேண்டும் என்பதால். தூணைப் பலப்படுத்தக் கான்கிரீட் சட்டை போட்டால் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 100 மி.மீ. கூடும், வாசலின் அகலத்தில் 20 செ.மீ. போய்விடும். கண்ணாடிகளோடு சேர்த்தால் வண்டிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் அகலம் தேவை.

இத்தனை முடிச்சையும் அவிழ்க்கப் பணம் செலவழிப்பதைவிட, தங்கும் பகுதியைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, வண்டிக் கொட்டடியை மட்டும் பக்கத்தில் தனி இரும்புச் சட்டகக் கட்டடமாகப் புதிதாக எழுப்புவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. கொட்டடி எளிய கட்டடம். வாசல் 4 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம், இடமிருந்தால் பின்பக்கமும் திறப்பு. பழைய கொட்டடி அலுவலகமாகவோ சாமான் அறையாகவோ மாறும்போது அதன் திறந்த பக்கங்களை எப்படி அடைப்பது என்பதையும் பொறியாளரே முடிவு செய்யட்டும். புதியது தயாராகும்வரை பழையதிலிருந்தே வண்டி ஓடலாம், தற்காலிக இடம் தேட வேண்டியதில்லை. இந்த ஒரு லாபமே போதும்.

தரை: தண்ணீர் நிரப்பிய வாட்டர் டெண்டர் 16 டன் வகை வண்டி, பின் அச்சில் மட்டும் 10 டன் வரை இறங்கும். இறுக்கிய மண்ணின் மேல் 150 மி.மீ. வெட் மிக்ஸ் (ஈரமாய்க் கலந்து இறுக்கிய ஜல்லி), அதன் மேல் 200 மி.மீ. எம்30 (வலிமை 30 மெகாபாஸ்கல்) கான்கிரீட். நான்கு, நாலரை மீட்டருக்கு ஒரு இணைப்பு. இணைப்பில் 25 மி.மீ. விட்டம், 500 மி.மீ. நீளமுள்ள வழவழப்பான கம்பி, 300 மி.மீ.க்கு ஒன்று, ஒரு பாதிக்கு மசகு தடவி. மசகு தடவ மறந்தால் கம்பி இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட் வேறு இடத்தில் வெடித்துக்கொள்ளும். இணைப்பை மெஷினால் 50 முதல் 65 மி.மீ. ஆழம் வெட்டுவதை ஊற்றிய மறுநாள் காலைக்குத் தள்ளினால் நம் வெயிலில் வெடிப்பு முந்திவிடும். அன்றிரவே வெட்டுங்கள். சரிவு வாசலை நோக்கி 80-க்கு 1, வாசலில் வண்டிச் சுமை தாங்கும் கிரில் போட்ட வாய்க்கால். 14 நாள் நனைத்து, 28 நாள் கழித்தே வண்டி ஏற வேண்டும். டைல்ஸ் கூடாது: சக்கரத்தில் நொறுங்கும், ஈர பூட்ஸில் வழுக்கும். கொட்டடிக்கு அடியில் சம்ப் கட்டும் வழக்கத்தையும் விட வேண்டும். அதன் மூடித்தளம் வீட்டுச் சம்ப் மாதிரி போடப்பட்டு, பின் சக்கரத்தில் இறங்கிவிடுகிறது.

தண்ணீர்: வண்டியின் தொட்டி 4,500 லிட்டர். ஆழ்துளைக் கிணறு நிமிடத்துக்கு 75 லிட்டர் கொடுத்தால் நிரப்ப ஒரு மணி நேரம். தீ அதுவரை காத்திருக்காது. 20,000 லிட்டர் மேல்தொட்டியைத் தனித் தூண்களின் மேல் கட்டி எப்போதும் நிரம்பியிருக்க வைத்து, 100 மி.மீ. குழாயை நேராக இறக்கி, 63 மி.மீ. கப்ளிங் (ஹோஸ் மாட்டும் வாய்) இரண்டு கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் வண்டி நிரம்பும். இந்தத் தொட்டியைப் பழைய கட்டடத்தின் மாடியில் ஏற்ற யாராவது யோசனை சொல்வார்கள். தண்ணீர் மட்டுமே 20 டன். வேண்டாம். நகராட்சி அலுவலகக் கழிப்பறைக்கு இதே தொட்டியிலிருந்து கிளை எடுப்பதும் வேண்டாம்.

ஹோஸ் உலர்த்த இடம் ஒதுக்காத நிலையங்கள் நிறைய. 15 மீட்டர் ஹோஸை நடுவில் மடித்துத் தொங்கவிட 8 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சட்டகம் தேவை, மேலே நிழலுக்குத் தகடு. மதில்மேல் வெயிலில் காயப்போட்டால் உள் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். உயரம் கிடைக்காவிட்டால் 16 மீட்டர் நீளத்துக்குச் சாய்வான சட்டகம் போட்டு மேலே கூரை வேயலாம்.

வீரர்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஒன்று பெரும்பாலான வரைபடங்களில் விடுபட்டுவிடுகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் முதல் வகுப்பில் சேர்த்தது. கொட்டடிக்கும் படுக்கை அறைக்கும் நடுவே தானாக மூடும் கதவும் ஒரு சிறு இடைவழியும் வேண்டும். கொட்டடியின் மேல்மட்டத்தில் காற்றோட்டத் திறப்பு வேண்டும். தீயிலிருந்து திரும்பிய உடைகளைத் துவைக்கவும் தொங்கவிடவும் தனி அறை, கொட்டடியின் வெளிப்பக்க ஓரத்தில். கரி படிந்த கோட்டைக் கட்டில் பக்கத்து ஆணியில் மாட்டுவது இத்தோடு நிற்கட்டும்.

கதவுக்கு ரோலிங் ஷட்டர் போட்டால் சுருள் 30, 40 செ.மீ. உயரத்தைத் தின்னும், மின்சாரம் போனால் கைச்சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் மடியும் இரும்புக் கதவு ஒரு தள்ளில் திறக்கும். ஒவ்வொரு வண்டி நிற்கும் இடத்திலும் பேட்டரி சார்ஜருக்கு 16 ஆம்பியர் பாயிண்டும், ஏர் பிரேக் அழுத்தம் இறங்காமலிருக்கக் காற்றுக் குழாயும் கொடுங்கள். வாசலுக்கு முன் ஒரு வண்டி முழு நீளம் நிற்க 10 மீட்டர் வெற்றுத் தளம் வேண்டும். நகராட்சிக்கு வருபவர்களின் இருசக்கர வண்டிகள் அங்கே வந்து நிற்காதிருக்க, நிறுத்துமிடத்தை வளாகத்தின் மறுபக்கத்தில் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். அறிவிப்புப் பலகையால் அது நடக்காது. ஜெனரேட்டர் தெரிந்த வெள்ளமட்டத்துக்கு மேல் மேடையில் இருக்கட்டும்.

ஒப்படைப்பு வாங்கும் முன் ஒரு சோதனை. இரவில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டி நிரம்பிய வண்டியை நிறுத்தி மணி அடிக்கச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து எழுந்தவர்கள் எந்தத் திருப்பத்தில் மோதுகிறார்கள், அவசர விளக்கு எங்கே எரியவில்லை, கதவு எவ்வளவு நேரத்தில் திறக்கிறது, வாசல் வாய்க்கால் கிரில் சக்கரத்துக்கு அசைகிறதா, கேபிள் டி.வி. வயர் ஏணியில் உரசுகிறதா என்று ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். உடனே வண்டியைக் காலி செய்து திரும்ப நிரப்பி நேரம் பாருங்கள். அந்தப் பட்டியல் முழுவதும் சரிசெய்து, குழாய்களும் கேபிள்களும் உண்மையில் போன வழியைக் காட்டும் வரைபடம் இரண்டு அலுவலகச் சுவரிலும் மாட்டிய பிறகே கடைசி பில்லில் கையெழுத்துப் போட வேண்டும்.